ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய விரியன் கடியும் செயலிழந்த பிட்யூட்டரியும்: ஒரு நிகழ்வு ஆய்வு

முந்திரித் தோப்பிலும் கரும்புக் கொல்லையிலும் கண்ணாடி விரியனிடம் கடிபட்டு, சிறுநீரகம் செயலிழந்து, டயாலிசிஸ் செய்து பிழைத்தெழுந்தவர்கள் கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பலர் உண்டு. சிறுநீர் பழையபடி பிரிந்து, இரத்தத்தில் தேங்கிய கழிவான கிரியேட்டினின் அளவும் இறங்கிவிட்டால், பாம்புக்கடியின் கணக்கு அத்தோடு தீர்ந்தது என்றே நோயாளியும் நினைக்கிறார், சிகிச்சை அளித்தவரும் நினைக்கிறார். அந்தக் கணக்கு ஏழு ஆண்டுகள் தீராமல் உள்ளே ஓடிக்கொண்டிருந்த ஒரு நோயாளியைப் பற்றியது இந்த ஆய்வு. மூளையின் அடியில் இருந்து மற்ற சுரப்பிகளை நடத்தும் பிட்யூட்டரி என்ற சிறு சுரப்பியை விரியன் நஞ்சு அழித்துவிடும் இந்நிலை, பொது மருத்துவத்தில் அரிது என்றுதான் சொல்லப்படுகிறது. பாம்புக்கடி மலிந்த நம் பகுதியில் அது அரிதாகத் தெரிவதில் ஒரு பங்காவது, நாம் கேட்கத் தவறும் ஒரு கேள்வியால் வருவது என்பது என் கருத்து. நோயாளியின் அடையாளம் வெளிப்படாதவாறு சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

நோயாளி பண்ருட்டி வட்டாரத்தைச் சேர்ந்த விவசாயி, நாற்பதுகளின் நடுவில் இருந்தவர். அக்னி நட்சத்திர நாட்களில் ஒரு முற்பகல், புதுச்சேரியில் எங்கள் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அவரைக் கொண்டுவந்தார்கள். மூன்று நாட்களாக வயிற்றுப்போக்கும் வாந்தியும் இருந்தன. முந்தைய இரவிலிருந்து பேச்சு குழறி, ஆளை அடையாளம் தெரியாத நிலை. இரத்த அழுத்தம் 80/50. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 58. விரல்நுனி இரத்தச் சர்க்கரை 48. நீரிழிவு இல்லை, அதற்கான மாத்திரை எதையும் அவர் தொட்டதும் இல்லை. இரண்டு லிட்டர் சலைன் ஏறிய பிறகும் அழுத்தம் 90-ஐத் தாண்டவில்லை.

வயிற்றுப்போக்கால் நீர் வற்றி அழுத்தம் விழுந்த ஒருவருக்கு நாடி வேகமெடுக்க வேண்டும். இவருக்கோ அது மந்தமாக இருந்தது. தொட்டால் உடல் குளிர்ந்திருந்தது. அவர் மனைவி சொன்னது இது: “கத்திரியில ஊரே வெந்து கெடக்கு, இவரு மட்டும் போர்வைய வுட்டு வெளிய வர மாட்டேங்குறாரு சார். இன்னிக்கு நேத்து இல்ல, ரெண்டு மூணு வருசமாவே இப்படித்தான்.”

அந்த அம்மா கையோடு ஒரு மஞ்சள் பை கொண்டுவந்திருந்தார். சில ஆண்டுகளாக ஏறி இறங்கிய இடங்களின் சீட்டுகளும் பரிசோதனை அறிக்கைகளும் தேதி வரிசை தப்பாமல் அதில் அடுக்கப்பட்டிருந்தன. இந்த நோயறிதலில் பாதி அந்தப் பைக்குள் இருந்தது. எழுந்து நின்றால் கிறுகிறுப்பு, உடல் அசதி, பசியின்மை, மலச்சிக்கல் ஆகியவை திரும்பத் திரும்பக் குறிக்கப்பட்டிருந்தன. ஹீமோகுளோபின் 9 முதல் 10 வரை நின்றதால் இரும்புச்சத்து மாத்திரை தரப்பட்டிருந்தது. சிவப்பணுக்களின் அளவும் நிறமும் இயல்பாகவே இருந்தன. ஈசினோஃபில் (ஒவ்வாமையிலும் ஒட்டுண்ணித் தொற்றிலும் கூடும் வெள்ளணு) 9 சதவீதம் என்று வந்ததற்கு யானைக்கால் நோய்க்கான மாத்திரை ஒரு சுற்று கொடுக்கப்பட்டிருந்தது. சோடியம் தாழ்ந்து ஒருமுறை 124, இன்னொரு முறை 121. தண்ணீரைக் குறைத்துக் குடிக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். யாரிடமும் பேசாமல் சுருண்டு படுத்திருக்கிறார் என்பதற்காக மனச்சோர்வுக்கான மருந்து பல மாதங்கள் ஓடியிருந்தது. தைராய்டு சந்தேகமும் ஒருவருக்கு வந்திருக்கிறது. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச் மட்டும் பார்த்திருக்கிறார்கள், அது 3.2 என்று இயல்பெல்லைக்குள் இருந்ததால் சந்தேகம் அங்கேயே கைவிடப்பட்டது. இவற்றில் எந்த முடிவும் தனியாகப் பார்த்தால் அபத்தமானதல்ல என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒவ்வொரு சீட்டும் தனக்கு முன்னால் இருந்த ஒரு குறையைக் கவனித்து, அதற்கு ஒரு விடை எழுதியிருந்தது. எல்லாக் குறைகளையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்குத்தான் முதலில் அமைந்தது.

மனைவி இன்னொன்றும் சொன்னார். உள்ளூரில் குளுக்கோஸ் ஏற்றினால் நான்கு நாள் நன்றாக எழுந்து நடமாடுவார், பிறகு மறுபடி படுத்துவிடுவார். ‘குளுக்கோஸ்’ என்று மக்கள் சொல்வது பெரும்பாலும் உப்புநீரும் சர்க்கரையும் கலந்த பாட்டில்தான். அதனால் ஒருவர் நான்கு நாள் தெளிகிறார் என்றால், அது வெறும் மனத்திருப்தி என்று தள்ளிவிடாமல், உடலில் உப்பும் சர்க்கரையும் அழுத்தமும் தாழ்ந்து கிடக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது.

உடற்பரிசோதனையில் கண்டவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். முகம் வெளிறி, சற்றே உப்பி, வயதுக்குப் பொருந்தாத மென்மையோடு இருந்தது. வாயின் இருபுறமும் கண்ணோரங்களிலும் மெல்லிய சுருக்கங்கள். தாடியும் மீசையும் ஏறக்குறைய இல்லை. கேட்டபோது, முன்பு வாரம் இருமுறை சவரக் கடைக்குப் போனவர், கடந்த சில ஆண்டுகளாக மாதம் ஒருமுறை போனாலே அதிகம் என்று தெரிந்தது. அக்குளிலும் அடிவயிற்றிலும் உரோமம் உதிர்ந்திருந்தது. விரைகள் சிறுத்து மிருதுவாக இருந்தன. குரல் கரகரத்தது. கணுக்கால் தசைநாரைத் தட்டியபோது பாதம் விருட்டென்று அசைந்து, திரும்பி வரும்போது மட்டும் மிக மெதுவாக வந்தது. தைராய்டு சுரக்கும் தைராக்சின் ஹார்மோனின் குறைவை இவ்வளவு மலிவாகக் காட்டித்தரும் பரிசோதனை வேறில்லை. உள்ளங்கை ரேகைகளிலும் ஈறுகளிலும் கருமை படர்ந்திருக்கிறதா என்று விளக்கடியில் பார்த்தோம். இல்லை. உழைத்துக் கறுத்த கைகளுக்கு உரிய நிறம்கூட மங்கியிருந்தது.

கருமை இல்லாதது இங்கே முக்கியமான தடயம். குறைந்த அழுத்தம், குறைந்த சோடியம், குறைந்த சர்க்கரை மூன்றும் சேர்ந்து வந்தால் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி தரும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனின் பற்றாக்குறையை நினைக்க வேண்டும். அட்ரினல் சுரப்பியே அழிந்திருந்தால் (நம் நாட்டில் காசநோய் அதற்கொரு முக்கியக் காரணம்) பிட்யூட்டரி அதைத் தூண்டியெழுப்ப ஓயாமல் ஏசிடிஹெச் என்ற ஹார்மோனைச் சுரக்கும். அதனால் தோலும் ஈறும் கறுக்கும். கூடவே அட்ரினலின் இன்னொரு ஹார்மோனான ஆல்டோஸ்டிரோனும் இல்லாமல் போவதால் பொட்டாசியம் உயரும். இவருக்குப் பொட்டாசியம் 4.1, தோலோ வெளுத்திருந்தது. ஆகவே பழுது அட்ரினலில் இல்லை, அதற்கு மேலே இருக்கிறது. ஆல்டோஸ்டிரோனைச் சிறுநீரகத்தின் ரெனின் நடத்துவதால் பிட்யூட்டரி பழுதானாலும் அது தப்பிவிடுகிறது; சோடியம் மட்டும் குறைவதற்குக் காரணம், கார்ட்டிசால் என்ற கடிவாளம் இல்லாத நீர்தேக்கும் ஹார்மோன் மிகுந்து, உடலில் நீர் தங்கிவிடுவதுதான்.

அன்று சோடியம் 112. சிறுநீரில் சோடியம் 64. சிறுநீர் செறிவாக இருந்தது. இந்த எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால், நீர்தேக்கும் ஹார்மோன் காரணமின்றி மிகுந்த நிலை என்று எழுதிவிடத் தோன்றும். கார்ட்டிசாலும் தைராக்சினும் போதுமான அளவு இருக்கின்றன என்று உறுதி செய்த பிறகே அந்தப் பெயரைச் சூட்டலாம் என்பது பாடப்புத்தக விதி. பரபரப்பான வார்டுகளில் அடிக்கடி தவறவிடப்படும் விதியும் அதுவே.

ஸ்டீராய்டு கொடுப்பதற்கு முன்பே ஹார்மோன்களுக்கான இரத்தத்தை எடுத்து வைத்தோம். ஏசிடிஹெச் குழாயைப் பனிக்கட்டியில் வைத்து அனுப்பினோம். முடிவுக்காகக் காத்திருக்காமல், கார்ட்டிசாலின் மருந்து வடிவமான ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. நரம்பில் செலுத்தி, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 50 மி.கி. தொடர்ந்தோம். கூடவே செறிவான டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசல். மாலைக்குள் அழுத்தம் 110/70-க்கு வந்தது, அழுத்தத்தை உயர்த்தும் மருந்து எதுவும் தேவைப்படவில்லை. இரவில் கண் திறந்து, மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

வந்த முடிவுகள் இவை. கார்ட்டிசால் 1.6 மைக்ரோகிராம், அதிர்ச்சி நிலையில் ஆரோக்கியமான உடல் 18-க்கு மேல் காட்டியிருக்கும். ஏசிடிஹெச், அந்தக் கார்ட்டிசாலுக்கு எகிறியிருக்க வேண்டியது, அடிமட்டத்தில் இருந்தது. ஃப்ரீ டி-4 (இரத்தத்தில் தனித்து ஓடும் தைராக்சின்) 0.38, இயல்பளவின் கீழெல்லையில் பாதிக்கும் குறைவு, டிஎஸ்ஹெச் 3.4. டெஸ்டோஸ்டிரோன் 18 நானோகிராம். அதைத் தூண்டும் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் இரண்டும் உயராமல் தாழ்ந்தே இருந்தன. பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோனான புரோலாக்டினும் குறைவு. பிட்யூட்டரியைக் கட்டியொன்று அழுத்தியிருந்தால் புரோலாக்டின் பெரும்பாலும் சற்று உயர்ந்திருக்கும். அதுவும் தாழ்ந்திருப்பது சுரப்பியே அழிந்துபோனதைக் காட்டுகிறது. கடும் நோயில் தைராய்டு, பாலின ஹார்மோன் அளவுகள் தற்காலிகமாகக் குறைவதுண்டு என்பதை அறிவோம். ஆனால் தாடி உதிர்வதும் குரல் கரகரப்பதும் மூன்று நாள் வயிற்றுப்போக்கில் நிகழ்வன அல்ல.

டிஎஸ்ஹெச் பற்றி ஒரு சொல். தைராய்டு சுரப்பியே பழுதாகும்போது டிஎஸ்ஹெச் உயர்ந்து நமக்குச் செய்தி சொல்கிறது. டிஎஸ்ஹெச்சைச் சுரக்கும் இடமே பழுதானால் அது உயர முடியாது. இயல்பு போல நிற்கும், சில வேளை சற்றே உயர்ந்தும் இருக்கும். முகாம்களிலும் பேக்கேஜ் பரிசோதனைகளிலும் டிஎஸ்ஹெச் மட்டும் பார்த்துத் தைராய்டு இயல்பு என்று முத்திரை குத்துவது பெரும்பாலோருக்குப் பொருந்தும். இப்படி ஒருவருக்குப் பொருந்தாது. அறிகுறிகள் தைராய்டு குறைவைக் கூவிச் சொல்லும்போது டிஎஸ்ஹெச் இயல்பாக வந்தால், டி-4-ஐயும் கேட்டு வாங்க வேண்டும்.

பிட்யூட்டரி செயலிழந்தது உறுதி; ஏன் என்பது மிச்சம் இருந்தது. தலையில் அடிபட்டதில்லை. கதிர்வீச்சு இல்லை. பார்வை மண்டலம் குறுகவில்லை. மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரைகளோ நாட்டு மருந்துப் பொடியோ உண்டா என்று குறிப்பாகக் கேட்டோம், ஏனெனில் அவற்றில் கலந்த ஸ்டீராய்டை நீண்டகாலம் தின்றுவிட்டுத் திடீரென்று நிறுத்துபவர்களை நாங்கள் அடிக்கடிப் பார்க்கிறோம். அதுவும் இல்லை. மறுநாள் காலை பாதத்தில் வீக்கம் பார்க்கப் போர்வையை முழங்கால் வரை விலக்கியபோது, வலது கணுக்காலுக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு, தோல் ஒட்டுப் போட்ட பழைய வடு ஒன்று பளபளத்தது. சுற்றியிருந்த தோல் கறுத்து இறுகியிருந்தது. ‘வேறு பெரிய நோய் ஏதும் வந்ததுண்டா’ என்று முந்தைய நாள் கேட்டபோது இல்லை என்றே பதில் வந்திருந்தது. நம் மக்கள் வழக்கில் பாம்புக்கடி நோய் அல்ல. அது விபத்து, சிலருக்கு விதி. அதனால் அந்தக் கேள்விக்கு அது பதிலாக வராது. பாம்பு கடித்ததுண்டா என்று பெயர் சொல்லியே கேட்க வேண்டும்.

“அதுவா சார்? தானே புயல்ல தோப்பு மொத்தமும் சாஞ்சு போச்சு. மறுபடி வெச்ச கன்னு காய்ப்புக்கு வந்த வருசம், சருகு கூட்டும்போது விரியன் போட்டுருச்சு. கடிச்சு ஏழு வருசம் ஆச்சுங்களே, அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?” என்று அந்த அம்மா கேட்டார். தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது 2011 டிசம்பர் 30 அன்று. பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்காரர்களின் நினைவில் ஆண்டுகள் அந்தப் புயலுக்கு முன், பின் என்றுதான் பிரிந்து கிடக்கின்றன.

கடிபட்ட கதை நமக்குப் பழக்கமானது. காலில் இறுகக் கயிறு கட்டி, முதலில் பச்சிலை வைத்தியம், பிறகு வேன் பிடித்து அரசு மருத்துவமனை. அதற்குள் மதியம் தாண்டிவிட்டது. ஈறிலும் ஊசி குத்திய இடத்திலும் இரத்தம் நிற்காமல் கசிந்தது. பாம்பு எதிர்நச்சு ஏற்றினார்கள். மூன்றாம் நாள் சிறுநீர் நின்றுபோயிற்று. இரண்டு வாரங்களில் பலமுறை டயாலிசிஸ். அந்த நாட்களிலும் அழுத்தம் அடிக்கடி விழுந்ததாகவும் ஒருமுறை சர்க்கரை தாழ்ந்ததாகவும் பைக்குள் இருந்த பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி இருந்தது. அவர் உயிரைக் காத்தது அந்த மருத்துவமனைதான். கணக்குப் பார்த்தால், தாடி குறையத் தொடங்கியது அடுத்த ஆண்டு. அசதி அதற்கும் பின்னால்.

எம்ஆர்ஐ எடுத்தோம். பிட்யூட்டரி அமர்ந்திருக்க வேண்டிய எலும்புக் குழியில் மூளைத் தண்டுவட நீர் நிறைந்திருந்தது. சுரப்பி தாள்போல் மெலிந்து குழியின் தரையோடு ஒட்டிக் கிடந்தது. கட்டி எதுவும் இல்லை.

சிகிச்சையில் இரண்டு கண்டங்கள்

முதலாவது சோடியம். கார்ட்டிசால் உள்ளே போன சில மணி நேரத்தில் தேங்கியிருந்த நீரைச் சிறுநீரகம் திறந்துவிடுகிறது. இவருக்கு அன்றிரவு மணிக்கு 400 மி.லி.க்கும் மேல் சிறுநீர் பிரிந்தது. எட்டு மணி நேரத்தில் சோடியம் 112-இலிருந்து 118 ஆயிற்று. கேட்க நல்ல செய்தி போலத் தோன்றினாலும் இந்த வேகம் ஆபத்தானது. நாள்பட்டுத் தாழ்ந்திருந்த சோடியம் 24 மணி நேரத்தில் 8 முதல் 10 வரைக்கு மேல் உயர்ந்தால் மூளைத்தண்டின் நரம்புறைகள் சிதைந்து, கை கால் செயலிழந்து, விழுங்கவும் பேசவும் முடியாமல் போகக்கூடும். அந்தச் சிதைவு சில நாள் கழித்தே வெளித்தெரியும். சலைனை நிறுத்தினோம். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸை, வெளியேறும் சிறுநீருக்கு ஈடுகொடுக்கும் அளவில் ஓடவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சோடியம் பார்த்தோம். முதல் நாள் முடிவில் 120. இரவுப் பணியில் இருந்த செவிலியர் சிறுநீர்ப் பையின் அளவை மணிக்கு மணி எழுதி, ஏறுகிறது என்று தாமாகவே எழுப்பிச் சொன்னதால்தான் அந்த வேகம் நேரத்தில் தெரிந்தது. கார்ட்டிசால் குறைந்த ஒருவருக்கு முதல் ஊசி போட்ட பிறகு வரும் சில மணி நேரங்கள், ஊசிக்கு முந்தைய நேரத்தைவிடக் கூடுதல் கவனம் கேட்பவை.

இரண்டாவது, எதை முதலில் கொடுப்பது என்பது. கார்ட்டிசாலும் தைராக்சினும் இரண்டுமே குறைந்திருக்கும்போது, தைராக்சினை மட்டும் முதலில் தொடங்கினால் உடலின் வளர்சிதை வேகம் கூடி, மிச்சம் மீதியிருக்கும் கார்ட்டிசாலும் விரைவில் கரைந்து, நோயாளி அட்ரினல் நெருக்கடியில் விழுவார். ஆகவே கார்ட்டிசால் முதலில். சில நாள் கழித்துத்தான் தைராக்சின். அன்று யாராவது டி-4-ஐ மட்டும் பார்த்துத் தைராய்டு மாத்திரை தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. இவருக்கு ஐந்தாம் நாள் தைராக்சின் தொடங்கி மெல்ல உயர்த்தினோம். அதன் அளவைத் தீர்மானிக்க இனி டிஎஸ்ஹெச் உதவாது, ஃப்ரீ டி-4 தான் வழிகாட்டி என்று சம்மரியில் தடித்த எழுத்தில் எழுதினோம். இல்லாவிட்டால், வருங்காலத்தில் டிஎஸ்ஹெச் மிகத் தாழ்ந்திருப்பதைப் பார்த்து நல்லெண்ணத்தோடே யாரேனும் மாத்திரையைக் குறைத்துவிடுவார்கள். ஊசிவழி டெஸ்டோஸ்டிரோன், தம்பதியரிடம் விளக்கிப் பேசிய பிறகு, சில வாரங்கள் கழித்துத் தொடங்கப்பட்டது. வளர்ச்சி ஹார்மோனைத் தரவில்லை. அதன் செலவை அந்தக் குடும்பம் தாங்காது. அது இல்லாமல் உயிருக்கு ஆபத்தும் இல்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது ஹைட்ரோகார்ட்டிசோன் காலையில் 10, மதியம் 5, மாலையில் 5 மி.கி. சிற்றூர் மருந்துக் கடைகளில் இந்த மாத்திரை எப்போதும் கிடைப்பதில்லை என்பதால், கிடைக்காத நாளில் அதற்கு ஈடாக எவ்வளவு பிரெட்னிசோலோன் என்பதையும் எழுதிக்கொடுத்தோம். மைத்துனர் ஒருவர் தயங்கினார்: ஸ்டீராய்டு உடம்பைக் கெடுக்கும், எலும்பை அரிக்கும் என்று அவர் கேள்விப்பட்டிருக்கிறார். அவர் அஞ்சியது நியாயமே. நோயை அடக்கக் கொடுக்கும் அளவு வேறு, உடல் தானே நாள்தோறும் சுரந்திருக்க வேண்டியதை ஈடுசெய்யும் அளவு வேறு என்பதை அவர் ஒப்புக்கொள்ளும்வரை உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. அந்த உரையாடலை அவசரப்பட்டு முடித்திருந்தால் மாத்திரை ஒரு மாதத்தில் நின்றிருக்கும், அவரும் மறுபடி அவசரப் பிரிவுக்கு வந்திருப்பார், அல்லது வராமலே போயிருப்பார். சட்டைப் பையில் வைத்துக்கொள்ள ஓர் அட்டை தந்தோம். அதில் இருந்த வாசகம்: “எனக்குப் பிட்யூட்டரி சுரப்பி வேலை செய்வதில்லை. ஸ்டீராய்டு மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. காய்ச்சல் வந்தால் இரண்டு மடங்கு. வாந்தி, மயக்கம், பெரிய காயம், அறுவைச் சிகிச்சை என்றால் உடனே ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. ஊசி போடவும்.”

விரியன் நஞ்சு பிட்யூட்டரியை எப்படித் தாக்குகிறது

1937-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஹெரால்டு ஷீஹன், பிரசவத்தில் பெருமளவு இரத்தம் இழந்த பெண்களின் பிட்யூட்டரி முன்மடல் அழிந்துபோவதை விவரித்தார். பிற்பாடு பர்மாவில் கண்ணாடி விரியன் கடித்து இறந்தவர்களின் உடலாய்வில் அதே சுரப்பியில் இரத்தக்கசிவும் திசு அழிவும் காணப்பட்டன. கடிபட்டுப் பிழைத்தவர்களில் ஷீஹன் நோயை ஒத்த நிலை உடனடியாகவும் நாள்பட்டும் வருவதை அங்கிருந்து எழுதிய மருத்துவக் குழு 1987-இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டது. அதன்பின் வந்த விவரங்களில் பெரும்பகுதி பர்மா, இந்தியா, இலங்கை ஆகிய மூன்று நாடுகளுடையவை. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்களும் இத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

நஞ்சு செய்வது ஒரே வேலை அல்ல. அதில் உள்ள நொதிகள் உறைதலின் ஐந்தாம், பத்தாம் காரணிகளைத் தூண்டிவிடுகின்றன. இரத்தம் நாளங்களுக்குள்ளேயே நுண்கட்டிகளாக உறைந்து, உறையும் பொருள் தீர்ந்துபோனதும் எங்கும் உறையாமல் கசிகிறது. சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. இரத்தத்தை 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்க்கும் எளிய சோதனை அதைத்தான் காட்டுகிறது. இரத்தத்தைக் கசியவிடும் வேறு நச்சுகள் நுண்நாளங்களின் சுவரைச் சிதைத்து நீரை வெளியே விடுவதால் அழுத்தம் விழுகிறது. பிட்யூட்டரியின் முன்மடல் தன் இரத்தத்தில் பெரும்பங்கை, அதற்கு மேலுள்ள மூளைப்பகுதியான ஹைப்போதலாமஸிலிருந்து இறங்கும் குறைந்த அழுத்தச் சிரை நாளங்கள் வழியே பெறுகிறது. அழுத்தம் விழும்போது முதலில் வறள்வது அதுதான். அந்த நுண்நாளங்களில் உறைகட்டிகள் அடைத்து, நாளச்சுவர் கசிந்து, குறுகிய எலும்புக் குழிக்குள் சுரப்பி வீங்கிக்கொண்டால், இரத்தம் புக வழியே இல்லாமல் போகிறது. நீர்தேக்கும் ஹார்மோனை வெளிவிடும் பின்மடலுக்குத் தமனி நேரடியாக வருவதால் அது பெரும்பாலும் தப்பிக்கிறது. கட்டுக்கடங்காத சிறுநீர்ப்போக்கை இந்நோயாளிகளில் அரிதாகவே காண்பதற்குக் காரணம் அதுவாகலாம். சிறுநீரகச் செயலிழப்பு வந்த அளவு கடுமையான கடியில்தான் இந்தப் பாதிப்பு பெரும்பாலும் நேர்கிறது. இரண்டு உறுப்புகளையும் அழிக்கும் வழி ஏறக்குறைய ஒன்றே.

அழிவு உடனடியானால் கடிபட்ட சில நாட்களிலேயே, எதிர்நச்சும் திரவமும் கொடுத்தும் மீளாத அழுத்தமாகவும் காரணமில்லாத சர்க்கரைக் குறைவாகவும் தெரியும். அப்போது ஓர் ஊசி ஹைட்ரோகார்ட்டிசோன் உயிரைத் திருப்பித் தரும். அழிவு அரைகுறையாக இருந்தால் எஞ்சிய செல்கள் ஆண்டுக்கணக்கில் ஒப்பேற்றுகின்றன. ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வரும் நாளில் முடியாமல் போகிறது. பெண்களில் இது இன்னும் எளிதாக மறைந்துவிடுகிறது. களையெடுக்கப் போய்க் கடிபட்ட முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு மாதவிடாய் நின்றால், கடும் நோயால் நின்றது என்றும், பிறகு சீக்கிரமே நின்றுவிட்டது என்றும் குடும்பமே சமாதானம் சொல்லிக்கொள்கிறது. அவரும் அதைப் பற்றி ஆண் மருத்துவரிடம் வாய் திறப்பதில்லை.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாடு 2024-இல் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றில் ஒன்றாக்கியது. இறப்புகளை எண்ணத் தொடங்கியிருப்பது பெரிய காரியம். பிழைத்தவர்களைப் பின்தொடர்வதும் அதே பதிவேட்டிலிருந்து தொடங்க முடியும் என்று நினைக்கிறேன். எங்கள் பிரிவில் இப்போது, விரியன் கடித்துச் சிறுநீரகப் பாதிப்புக்கு ஆளான ஒவ்வொருவருக்கும் வீடு திரும்பும் முன்னும், மூன்று மாதத்திலும், ஓராண்டிலும் காலை எட்டு மணிக் கார்ட்டிசால், டிஎஸ்ஹெச்சோடு சேர்த்து ஃப்ரீ டி-4 ஆகியவற்றைப் பார்க்கிறோம். ஆண்களிடம் தாடி, ஆண்மை பற்றியும் பெண்களிடம் மாதவிடாய் பற்றியும் தனியே கேட்கிறோம். டிஸ்சார்ஜ் சம்மரியில், தமிழிலேயே, பிற்காலத்தில் காரணமில்லாத அசதியோ தலைசுற்றலோ வந்தால் பாம்பு கடித்த விவரத்தைச் சொல்லி ஹார்மோன் பரிசோதனை கேட்கும்படி எழுதுகிறோம். கிரியேட்டினினை மட்டும் பார்த்து நலம் என்று கையெழுத்திடுவதை நாங்கள் நிறுத்திவிட்டோம்.

நோயாளி மூன்று மாதம் கழித்து வந்தபோது நின்றநிலை அழுத்தம் 112/74, சோடியம் 138, இரத்தச்சோகையும் ஈசினோஃபிலும் தாமாகவே சரியாகியிருந்தன. மனச்சோர்வு மருந்தை, மனநல மருத்துவரோடு பேசி, படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். வடகிழக்குப் பருவமழையின்போது ஊரில் பரவிய காய்ச்சல் அவருக்கும் வந்தது. மாத்திரையை இரட்டித்திருக்கிறார், இரண்டாம் நாள் வாந்தியில் அது தங்கவில்லை. கல்லூரியில் படிக்கும் மகள் அட்டையை எடுத்துக்கொண்டு அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போக, பணியில் இருந்த மருத்துவர் அட்டையைப் படித்துவிட்டு, பிற பரிசோதனைகளுக்கு முன்பாகவே ஊசியைப் போட்டு, டெக்ஸ்ட்ரோஸ் சலைனும் ஏற்றியிருக்கிறார். மூன்று நாளில் காய்ச்சல் விட்டது. எங்களிடம் வரவேண்டிய தேவையே ஏற்படவில்லை. அடுத்த முறை வழக்கமான பரிசோதனைக்கு வந்தபோதுதான் மகள் இதைச் சொன்னார்.